ஃபிரிட்ஜ் கதவில் எட்டாவது விதி

உயிரைக் கொடுத்தாவது என் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றுவது என்று சபதம் எடுத்தேன்.

ஆபத்து என் மனைவி கார்குழலி ரூபத்தில் வந்தது. "இனிமே ஞாயித்துக்கெழம காலைல தேங்காய்த்திட்டு ஹார்பருக்குப் போயி, மீன் வாங்கியாந்து, நீங்களே செதில் எடுத்து ஆஞ்சு குடுக்கணும்" என்றாள். மற்ற ஆறு நாளும் அவள்தானே மாடாக உழைக்கிறாளாம். நியாயம்தான். ஆனால் நியாயத்தை எல்லாம் உடனே செய்துவிட்டால், நான் இருபத்திரண்டு வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து என்ன புண்ணியம்?

நல்லவேளை, அந்த வாரம்தான் எங்களை நிர்வாகத் திறன் மேம்பாட்டுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள், நான்கு வடை, ஒரு கையேடு. பயிற்சி கொடுத்தவர் தொண்டை வறளச் சொன்னார்: "நாம ஒரு ஃபைலத் தாமதம் பண்ணா, அந்தச் செலவு நம்ம தலையில விழாது. மனு போட்டவர் தலையிலதான் விழும். அலைஞ்சு அலைஞ்சு அவரு மனுவையே விட்டுடுவாரு." எல்லோரும் வெட்கத்தில் தலை குனிந்தார்கள். எனக்கு மட்டும் புல்லரித்தது.

அன்று மாலையே எங்கள் லாஸ்பேட்டை குவார்ட்டர்ஸ் வீட்டில் சீர்திருத்தம் அமலுக்கு வந்தது.

"கார்குழலி, இனிமே எதுவா இருந்தாலும் மனுவா எழுதிக் குடு."

"எதுக்குங்க?"

"வெளிப்படையான நிர்வாகம்!"

கையேட்டின் கடைசியில் மாதிரி விதிகள் இருந்தன. அப்படியே ஜெராக்ஸ் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். மூன்றாவது விதி வரைக்கும் படித்தேன். ஆபீஸிலும் அதற்கு மேல் படிக்கிற பழக்கம் கிடையாது.

திங்கட்கிழமை மீன் மனு வந்தது. 'மீனின் வகை குறிப்பிடப்படவில்லை' என்று எழுதித் திருப்பினேன். அரை மணியில் 'சங்கரா, கிடைக்காவிட்டால் வவ்வால்' என்று பதில் வந்தது. 'பை இணைக்கப்படவில்லை' என்றேன். செவ்வாய்க்கிழமை ஒயர் கூடையையே மனுவோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுவந்து வைத்தாள்.

"வாங்கிக்கிட்டதுக்கு இதுல ஒரு கையெழுத்து போடுங்க" என்று ஒரு பழைய நோட்டையும் நீட்டினாள்.

ஆபீஸ் தபால் நோட்டு மாதிரி எதைப் பார்த்தாலும் என் கை என்னைக் கேட்காது. கையெழுத்தும் தேதியும் போட்டு, மனுவைக் கூடையோடு ஃபிரிட்ஜ் மேல் தூங்கப் போட்டேன்.

புதன்கிழமை கேட்டாள். "பரிசீலனையில இருக்கு" என்றேன். வியாழக்கிழமை கேட்டாள். "மேலிடத்துல இருக்கு" என்று ஃபிரிட்ஜைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை கேட்கவே இல்லை. மனுதாரர் களைத்துவிட்டார்! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணி. போர்வை பறந்தது. வயிற்றின் மேல் ஒயர் கூடை.

"எழுந்திருங்க. மனு பாஸாயிடுச்சு."

"நான் பாஸ் பண்ணவே இல்லியே!"

"அதனாலதான் பாஸாச்சு. எட்டாவது விதியப் படிங்க."

ஓடிப்போய்ப் படித்தேன். 'மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் இல்லையெனில் ஒப்புதல் அளிக்கப்பட்டதாகக் கருதப்படும்.' கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். அப்படியேதான் இருந்தது.

"மனு எனக்கு வந்ததுக்கு என்ன அத்தாட்சி?"

நோட்டைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை தேதியோடு என் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

"அப்பீல் பண்ணுவேன்!"

"பண்ணுங்களேன். ஒம்பதாவது விதி. துறைத் தலைவர்கிட்ட பண்ணணும். வீட்டுல அது குடும்பத் தலைவர்."

எனக்கு உயிர் வந்தது. "அது நான்தானே!"

அவள் வாதம் பண்ணவில்லை. பீரோவிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து வந்து காட்டினாள். குடும்பத் தலைவி: கார்குழலி. இரண்டாவது வரியில், பொடி எழுத்தில், இளம்பரிதி, கணவர். அந்தப் படிவத்தை எழுதிக் கொடுத்ததும் இந்தப் பாழாய்ப்போன கைதான்.

நின்ற இடத்திலேயே அப்பீல் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"மூணு காப்பி வேணும். காரணமும் தெளிவா இல்ல. சரி, பரிசீலனையில வெக்கறேன்."

"எத்தன நாளு ஆவும்?"

"அப்பீலுக்கு விதியில நாளே போடலீங்க. அதுவரிக்கும் பழைய உத்தரவுதான். கூடையத் தூக்குங்க."

ஆறு ஞாயிறு ஆகிவிட்டது. அப்பீல் இன்னும் ஃபிரிட்ஜ் மேல்தான் தூங்குகிறது. முதல் வாரம் ஒரு கிலோ சங்கரா ஆய எனக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இப்போது பதினைந்தே நிமிடம்.

நேற்று நண்டு கேட்டு ஒரு மனு வந்தது. மூன்று நாள் எதற்கு என்று, நின்றபடியே ஒப்புதல் கொடுத்துவிட்டேன்.