கம்முனு வாசித்த அண்ணாத்தே

அம்பத்தூர் முதல் ஆவடி வரைக்கும், பாதிப் பாட்டை வாசிக்காமலே விட்டுப் பேர் வாங்கிய ஒரே ஆள் எங்கள் கம்மு அண்ணாத்தேதான். எங்கள் பாட்டுக் குழுவின் பேஸ் கிடார்க்காரர்; பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சுரம் அவருடையது. எதைக் கேட்டாலும் "கம்முனு கெட" என்பார். அதுவே பேராகிவிட்டது.

நான் எட்டாவதோடு நின்றவன். குழுவில் பாடகன். மைக் ஷாக் அடிக்குமோ, வரி மறக்குமோ என்று பதறியே பாட்டை ஓட்டிவிடுவேன். "இன்னா நைனா, பஸ்ஸை வுட்டுட்டியா?" என்று பின்னாலிருந்து அண்ணாத்தே குரல் வரும். கூடவே ஒரு 'தும்'. அது விழாமல் அடுத்த வரிக்குள் போகவே முடியாது.

முகப்பேரில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் மாமா என்னிடம் வந்து, "அவரு ஏங்க சும்மாவே நிக்கறாரு?" என்றார். அது அண்ணாத்தே காதில் விழுந்துவிட்டது. அடுத்த பாட்டின் நடுவில் கையை எடுத்துவிட்டார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் தடுமாறி நின்றார்கள். "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டதும் அதே மாமாதான்!

சொந்தமாக ஒரு பாட்டுப் போட்டோம். பதிவு செய்யும் நேரத்தில் பக்கவாதம் வந்து அண்ணாத்தேவின் இடது கை விழுந்துவிட்டது. கம்பியை அழுத்திச் சுரம் மாற்றுகிற கை அதுதான்.

"வேற ஆளைப் பாக்கலாமா மச்சான்?" என்று டிரம்ஸ்காரன் என்னிடம் கிசுகிசுத்தான்.

"கம்முனு கெடங்கடா. அழுத்தாமலே நாலு கம்பிக்கு நாலு சுரம் கீது இல்ல? பாட்டை அதுக்குள்ள இஸ்துகினு வா" என்றார் அண்ணாத்தே.

இழுத்து வந்தோம். மெட்டு சின்னதாகி, பாட்டு பெரிதானது. ஆனால் அழுத்தாத கம்பியை அடித்தால் அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டே இருக்கும். வலது கை அடுத்த கம்பிக்குப் போய்விடும்; அமர்த்தவும் அந்த இடது கைதான் வேண்டும். வாசிக்காமல் விட்டே பேர் வாங்கியவருக்கு இப்போது நிறுத்தத் தெரிந்தும் முடியவில்லை. அவர் கண்ணில் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணைக் காட்டும்போதெல்லாம் கம்பிமேல் என் உள்ளங்கையை வைத்தேன். ஒரு தடவைகூட நான் முந்தவில்லை.

"தோ பார்றா, நைனா கத்துக்கினான்" என்று சிரித்தார். வாய் கோணித்தான் சிரிப்பு வந்தது.

பாட்டு வெளிவந்தபோது அவர் இல்லை. போனில் வைத்தால் என் குரல் மட்டும்தான் கேட்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் எடுபடுவதில்லை. அதனால் யார் கிடைத்தாலும் பிடித்து நிறுத்தி, என் ஹெட்போனை மாட்டிவிடுகிறேன். "நல்லா பாடிகீற" என்கிறார்கள்.

"என்னை வுடுங்க," என்று கெஞ்சுகிறேன், "அடியில கேளுங்க."