வாய் உயில்

வாயாலேயே சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் இனம் ஒன்று நம்மிடையே நடமாடுகிறது. அடையாளம் காண்பது சுலபம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் யாரானாலும், காப்பியை ஆற்றிக்கொண்டே, “எனக்கப்புறம் இதெல்லாம் உனக்குத்தான்” என்பார்கள். காப்பி கொண்டுவந்தவரிடமும் சொல்வார்கள்.

நம் அச்சகக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை, கடை ரசீது, தேர்தல் நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று ஊருக்கே அடித்துக் கொடுத்தவர், ஓர் ஒற்றுப்பிழைக்காகக் கட்டுக்கட்டாகத் தாளைக் கிழித்துப் போட்டவர், தம் கடைசி விருப்பத்தை மட்டும் எந்தத் தாளிலும் இறக்கவில்லை. கீழே அச்சகம், மேலே வீடு. மனைவி போனபின் அந்த வீட்டைத் தாங்கியவள், கணவனை இழந்து வந்த தங்கை. அடுப்பு, அண்ணனின் சர்க்கரை மாத்திரை, கீழே போய் பைண்டிங், எல்லாம் அவள் தலையில்.

“மாடி வீடு உனக்குத்தாம்மா. நீ எதுக்குக் கவலைப்படறே?”

“ஒரு தாள்ல எழுதி வெச்சிடலாமேண்ணா?”

அண்ணன் முகம் தொங்கிவிட்டது.

“ஏன், என்னை அனுப்பிவைக்க அவ்வளவு அவசரமா?”

இந்த இனத்தின் பிரம்மாஸ்திரம் இதுதான். இதற்குமேல் வாயைத் திறக்க எந்தத் தங்கைக்குத் துணிச்சல் வரும்? பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டாள்.

விசிட்டிங் கார்டு அடிக்க வந்த வக்கீலும் சொல்லிப் பார்த்தார். “அரை மணி நேர வேலை சார். ரெண்டு சாட்சி போதும்.”

“எனக்கென்ன அப்படி வயசாயிடுச்சு?” என்றார் நம்மவர், பல்செட்டைச் சரிசெய்துகொண்டே. உயில் எழுதுவது உயிருக்கு ஆபத்து என்பது அவருடைய ஆழ்ந்த நம்பிக்கை. எழுதியவர்களெல்லாம் செத்திருக்கிறார்களே! எழுதாதவர்கள் என்ன ஆனார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மை தீர்ந்துபோனதற்காக யாரையோ வைதுகொண்டிருந்தவர், வசவைப் பாதியில் விட்டுவிட்டுச் சாய்ந்தார்.

வெளியூரிலிருந்து மகன் வந்தான். நல்ல பையன்தான். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நாலு நாள் கழித்துத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

“அத்தை, மாடி வீட்டை வித்துடலாம்னு இருக்கேன். போன்ல பேசும்போதெல்லாம் அப்பா, ‘அது உனக்குத்தாண்டா’ன்னு சொல்வாரு.”

“என்கிட்டயும் சொன்னாருப்பா.”

வாசலில் நின்ற அச்சக மெஷின்காரர் தலையைச் சொறிந்தார். “என்கிட்டயும்தாம்மா சொன்னாரு முதலாளி.”

மூவரில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. யாரைத் திட்டுவது? திட்டவேண்டியவர் போட்டோச் சட்டத்துக்குள் பத்திரமாக இருந்தார். இன்னொரு சட்டம் மகன் பக்கம் இருந்தது.

“எழுத்துல ஏதாவது இருக்கா?” என்று கேட்டார் வக்கீல். இல்லை. “அப்போ பையனுக்குத்தான்.”

தங்கை பெட்டியைக் கட்டினாள். கோபம் வந்திருந்தாலாவது தேவலை. “ஏமாத்தணும்னு நினைக்கலை, பாவம். சொன்னாலே போதும்னு இருந்துட்டாரு” என்றாள். இப்போது ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, வேறொருவர் அச்சகத்தில் புத்தக முதுகுகளுக்குப் பசை தடவுகிறாள்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். உங்களுக்கு வயதும் ஆகவில்லை, சொத்தும் பெரிதாக இல்லை, வீட்டில் எல்லோரும் ஒற்றுமை. நிம்மதியாக இருங்கள். இந்தப் பக்கத்தை மட்டும் யார் திறந்து உங்கள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள் என்று வீட்டில் விசாரிக்காதீர்கள்.