மேஜருக்குப் பயம் தெளிந்தது

மேஜர் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டது. சும்மா உட்காரவில்லை. மரியரட்ணத்தின் கால்கள் இரண்டுக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் வெடவெடக்க உட்கார்ந்தது.

"கம் ஆன், மேஜர். குட் பாய். எந்திரிடா, சனியனே!"

மேஜர் என்பது தேயிலைத் தோட்டத்துத் துரையின் நாய். கன்றுக்குட்டி உயரம், குரைத்தால் பங்களாக் கண்ணாடி அதிரும். என்ன பிரயோசனம்? கொழும்பிலிருந்து வந்து வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கிய நாளிலிருந்து அதற்கு எல்லாமே பயம். கொழுந்துக் கூடையைக் கண்டால் பயம், தவளையைக் கண்டால் பயம், மூடுபனி இறங்கினால் பயம். பங்களா ஆட்கள் கும்பிடு போட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

"தமிழ்ல அதட்டினா அதுக்கு என்ன வெளங்கும்? இங்கிலீஷ்ல பேசணும்" என்று ஆபீசில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னவர் கிளாக்கர் மரியரட்ணம். துரையின் காதில் அது விழுந்தது. அன்று மாலையே நாய் கிளாக்கரின் குவாட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தது.

துரை தனக்குத் தெரிந்த தமிழில் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

"கிளாக்கர், வார ஞாயிறு லேடி இந்த நாய் கூட்டிக்கொண்டு நடக்கும். நாய் நடந்தா, சரி. நாய் நடக்காது, நீ நடக்கும். பெண்சாதி, சாமான், எல்லாம் கூட்டிக்கொண்டு."

வேலை போனால் வீடும் போகும். போக வேறு வீடு கிடையாது. அதனால்தான் இந்தக் குளிரில், இந்த வளைவில், ஒரு நாயிடம் கெஞ்சிக்கொண்டு நிற்கிறார்.

இன்றைக்கு மேஜர் பயந்தது தவளைக்கு இல்லை என்பதை அப்புறம்தான் பார்த்தார். பனிக்குள் எமன் நின்றான். கரிய முகம், தலையில் கிரீடம், கடைவாயில் கோரைப்பல், கையில் சுருட்டிய கயிறு.

மரியரட்ணத்தின் கை தானாகச் சிலுவை போடக் கிளம்பி நெஞ்சுக்கு வந்ததும் நின்றது. சீ, இது மாசி மாதமல்லவா! கீழே பொட்டலில் காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்கிறதே. பக்கத்துத் தோட்டத்து அழகுமுத்து வருஷா வருஷம் இங்கே வந்து எமன் வேஷம் கட்டுகிறான் என்று ஆபீசில் பேசிக்கொள்வார்கள். கத்தோலிக்கரான மரியரட்ணம் கூத்து நடக்கும் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனாலும் இதுகூடவா தெரியாது?

"அழகுமுத்துதானே? ஏன்டா, ஒத்திகை பாக்க ஒனக்கு வேற எடமே கெடைக்கலியா? நாய் பயப்படுதுல்ல?"

எமன் பேசவில்லை. தலையை மட்டும் மெல்லச் சாய்த்து நாயைப் பார்த்தான்.

காப்புக் கட்டியவன், பேசாமல் விரதம் இருக்கிறான் போலிருக்கிறது என்று மரியரட்ணம் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த வளைவே வேண்டாம் என்று பெக்டரி ரோட்டால் போனார். பெக்டரி ரோட்டில் எமன் நின்றான்.

"அடேய், ஒனக்கென்ன தலையில கொழுப்பா?"

அவர் அதட்டி முடிப்பதற்குள் மேஜர் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது. வீட்டுக்குள் பாய்ந்து கட்டிலுக்கடியில் புகுந்தது. கட்டிலையும் அதில் படுத்திருந்த மனைவி சிசிலியையும் சேர்த்து முதுகில் தூக்கிக்கொண்டு எழுந்தது.

"மாதாவே! என்னங்க இது, நாயா பூகம்பமா?"

"எல்லாம் அந்த அழகுமுத்துப் பய செய்ற வேலை. அவன என்ன செய்றேன் பாரு."

காலையில் கங்காணி மாயாண்டியைக் கூப்பிட்டார்.

"அந்த அழகுமுத்துக்கு நான் கண்டிச்சதாச் சொல்லி அனுப்பு. தெனம் எதுக்க வந்து என் நாயப் பயங்காட்டுறான்."

மாயாண்டி தலையைச் சொறிந்தார். "அவனுங்களா? அவன் இப்ப..."

"அவனுக்காக நீ ஒண்ணும் பேசாத. சொன்னதச் செய்."

"சரிங்க ஐயா. சொல்லி அனுப்புறேங்க."

சொல்லி அனுப்பிய பலன் அன்று மாலையே தெரிந்தது. எமன் ரோட்டில் இல்லை. குவாட்டர்ஸ் வேலியோரம் வந்து நின்றான். படலைத் திறக்கவில்லை, உள்ளே எட்டிப் பார்க்கவுமில்லை. காத்திருந்தான், அவ்வளவுதான். கொல்லையில் கோழிகள் மூச்சுக் காட்டவில்லை. மேஜர் மரியரட்ணத்தின் வேட்டிக்குள் புகப் பார்த்தது.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "முடிஞ்சுது, சிசிலி. சாமானக் கட்டு. இந்த நாய் நடக்காது."

சிசிலி யோசித்தாள். "ஏங்க, பழக்கமில்லாத மொகம்னாத்தானே அது பயப்படும்? அந்தாளையே பழக்கப்படுத்தி வுட்டா என்ன?"

சொன்ன கையோடு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போனாள்.

"அண்ணே, கோவிச்சுக்காம ஒங்க கையால இதக் கொஞ்சம் நாய்க்குக் குடுங்கண்ணே."

எமன் கையை நீட்டி வாங்கினான். மேஜர் தரையோடு தரையாகத் தவழ்ந்து போனது. முகர்ந்தது. தின்றது. நடுக்கம் சட்டென்று நின்றுபோனது. எமன் அதன் தலையில் கையை வைத்தான். மேஜர் கண்ணை மூடிக்கொண்டது. அதற்கப்புறம் அந்த நாய் ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை.

"பாத்தீங்களா?" என்றாள் சிசிலி. ஆனால் திரும்பி வந்தவள் கையை அடுப்பில் காட்டிக் காட்டிச் சூடேற்றினாள். "அந்தாளு வெரல் பட்டுச்சுங்க. ஐஸ்கட்டியாட்டம் இருக்கு, பாவம். பனியிலயே நிக்கிறாரு."

மரியரட்ணத்துக்கு வந்ததே ஒரு துணிச்சல்! நேரே வேலிக்குப் போனார்.

"இந்தா அழகுமுத்து, ஒன்னால என் சங்கிலி அறுந்துபோச்சு. அந்தக் கயித்தக் குடு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் வந்து வாங்கிக்க. வேலியில நிக்காத, உள்ள வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ, என்ன?"

எமன் முதல் தடவையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். இதுவரை யாருமே அவனை உள்ளே வா என்று கூப்பிட்டதில்லை போலும். பிறகு கயிற்றைக் கொடுத்துவிட்டுப் பனிக்குள் போய்விட்டான். கயிறு விரல் மரத்துப்போகிற அளவுக்குக் குளிர்ந்து கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேஜர் நடந்தது. ஐயோ, அது நடந்த நடை! அந்தக் கயிற்றைக் கழுத்தில் மாட்டியதும் இழுப்பு இல்லை, திமிறல் இல்லை, துரைசாணியின் பக்கத்தில் கால் சத்தம்கூடக் கேட்காமல் நடந்தது. வழியில் தொழிலாளர் லயத்து நாய்கள் எல்லாம் வாலை இடுக்கிக்கொண்டு உள்ளே ஓடின. சவுக்கு மரத்தில் கத்திக்கொண்டிருந்த காக்கைகள் அவர்கள் கடக்கும்வரை வாயைத் திறக்கவில்லை. ஒரு கிழவி மட்டும் வாசலில் எழுந்து நின்று, காரணமில்லாமல் அழுதாள்.

துரைசாணிக்கு ஒரே சந்தோஷம். துரை கிளாக்கரின் தோளில் தட்டினார்.

"நல்ல வேலை, கிளாக்கர். நீ நடக்காது. நீ இருக்கும். நாயும் உன்னோட இருக்கும். தினம் நீ கூட்டிக்கொண்டு போ."

நாய் தலையில் விழுந்ததைப் பற்றி மரியரட்ணம் கவலைப்படவில்லை. வீடு தங்கிவிட்டதே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் எமன் வந்தான். இந்தத் தடவை வேலியில் நிற்கவில்லை. நேரே படலைத் திறந்து, முன்னறைக்கு வந்து, மரியரட்ணத்தின் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டான்.

"வா வா, அழகுமுத்து! ஒரு நல்ல நாளில இந்த வேஷத்தக் கழுவிட்டு வரக்கூடாதாடா? பரவாயில்ல. ஒன்னாலதான் இந்த வீடு தங்குச்சு. ஒன்ன உசிருள்ளவரைக்கும் மறக்கமாட்டேன்."

எமன் மெல்லத் தலையாட்டினான்.

சிசிலி தேத்தண்ணி கொண்டுவந்தாள். கோப்பை அவன் கைக்குப் போனதும் ஆவி பறந்தது நின்றது. மேசை விளக்கின் திரி தானாகக் குறைந்தது. மேஜர் அவன் காலடியில் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. எமன் கயிற்றை எடுத்து, மடியில் வைத்து, நிதானமாகச் சிக்கெடுக்கத் தொடங்கினான்.

அப்போது பின்பக்கக் குசினிக் கதவை யாரோ தட்டினார்கள். "இரு, அழகுமுத்து, இந்தா வாறேன்" என்று சொல்லிவிட்டு மரியரட்ணம் போய்த் திறந்தார். கம்பளி போர்த்திய ஒருவர், கையில் துணி மூட்டையோடு நின்றார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"யாரப்பா நீ?"

"கும்புடுறேங்க ஐயா, நாந்தாங்க அழகுமுத்து. பொங்கல் கழிச்சு ராகலைக்கு மக வீட்டுக்குப் போனவன், நீங்க கோவமா இருக்கீங்கன்னு கங்காணி சொல்லி அனுப்பவும் இப்பத்தாங்க ஓடி வாறேன். நான் இல்லாததால இந்த வருசம் இங்க கூத்துல எமனே இல்லீங்களே, ஐயா!"