பந்து இன்னும் கீழே வரவில்லை

சிங்கப்பூரிலேயே, லிஃப்டில் ஏறுமுன் எந்தத் திசை ப்ளஸ் என்று அறிவித்த ஒரே மனிதர் அம்புக்குறி சார்தான். ஃபேரர் பார்க்கில் நான் வேலைக்குச் சேர்ந்த டியூஷன் சென்டரில் அவர் பதினோரு வருடமாக பிசிக்ஸ் எடுத்துவந்தார். தாளின் மூலையில் ஓர் அம்பு போட்டு, "இந்தப் பக்கம் ப்ளஸ்" என்று எழுதாமல் எந்தக் கணக்கையும் தொடமாட்டார்.

காப்பிக்கடையில் டீ ஆற்றுபவரைக்கூட விட்டுவைக்கவில்லை. "அண்ணே, உங்களுக்கு மேல ப்ளஸ்ஸா, கீழ ப்ளஸ்ஸா?"

"எதுன்னாலும் டீ கீழதான் விழும் சார். தள்ளி நில்லுங்க லா."

சாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, எந்தப் பக்கம் ப்ளஸ்னு வச்சாலும் தப்பில்ல. நடுவுல மாத்தினாத்தான் தப்பு" என்றார் என்னிடம். நான் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்தேன்.

மூன்றாவது மாதம். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஓ லெவல் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் மாதிரி விடைத்தாளில், மேலே போகும் வேகத்துக்கும் ப்ளஸ், கீழே இழுக்கும் புவியீர்ப்புக்கும் ப்ளஸ் போட்டுவிட்டேன். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடியிலிருந்து மேலே எறிந்த பந்து, என் கணக்குப்படி இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் கொதித்தார்கள். சென்டரை நடத்தும் மேடம் தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தார். "யாரு போட்டது இது?"

தாளில் பெயர் இல்லை. அம்பும் இல்லை, சாருடையது இல்லை என்பதற்கு அது ஒன்றே போதும். நான் வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். சார் தாளை வாங்கினார், என்னை ஒரு பார்வை பார்த்தார், பேனாவை எடுத்து மூலையில் நிதானமாக ஓர் அம்பு போட்டார்.

"என்னுதுதான் மேடம். அவசரத்துல மாத்திட்டேன்."

அவருடைய ஓ லெவல் வகுப்பைப் பறித்து எனக்கே கொடுத்தார்கள். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அவருக்குத் தொடக்கநிலை மூன்றாம் வகுப்புப் பொடிசுகள், தவளையின் வாழ்க்கைச் சுழற்சி. தலைப்பிரட்டைக்குப் பக்கத்திலும் அம்பு போட்டாராம்.

மன்னிப்புக் கேட்கப் பலமுறை லிஃப்ட் வாசல்வரை போனேன். "கீழ ப்ளஸ்" என்பார். "சரி சார்" என்பேன். கதவு மூடிக்கொள்ளும். வருடக் கடைசியில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் அம்பு போடாமல் நானும் கணக்கைத் தொடுவதில்லை. பிள்ளைகள் என்னைத்தான் அம்புக்குறி சார் என்கிறார்கள். அது வேறொருவருடைய பெயர் என்று, இந்த முறையாவது வாயைத் திறந்து சொல்லிவிடுகிறேன்.