சோளம் பாஸ், ஊர் பெயில்

மழை பொய்த்த வருடம், அரசாங்கம் மனமிரங்கி எங்கள் உக்கம்பானிச் சீமைக்கு மக்காச்சோளம் அனுப்பியது. சில மூட்டைகள் சுத்தம். மிச்சமெல்லாம் பச்சையாகப் பூசணம் பூத்தவை. போன வருடம் இப்படிப்பட்ட சோளத்தைத் தின்ற சிலருக்குக் கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, கதை முடிந்திருந்தது. எனவே மனுப் போட்டோம். மேற்படி மனுவைத் துறை ஆழ்ந்து பரிசீலித்து, நைரோபியிலிருந்து மைங்கி என்ற அதிகாரியை அனுப்பிவைத்தது.

"போன வருஷம் எத்தனை பேரு செத்தாங்க?" என்றார்.

"பத்துப் பதினஞ்சு பேரு இருக்கும்யா."

"சாகாதவங்க?"

"மிச்ச ஊரு பூரா."

"அப்ப மெஜாரிட்டி யாரு பக்கம்? குத்தம் சோளத்துல இல்ல, செத்தவங்க ரத்தத்துல. பரம்பரை வாகு. சிலருக்கு விஷம் ஏறும், சிலருக்கு அவ்வளவா ஏறாது."

இதில் பாதி உண்மை. எங்கள் கெட்ட காலம், அதிகாரிகளுக்குப் பாதி உண்மையே தாராளம்.

"கெட்ட மூட்டையைப் பிரிச்சுத் திருப்பி அனுப்புங்களேன்," என்றாள் பயறு விற்கும் கவாட்டா.

"கவர்மெண்ட் சோளத்துல கெட்டதுன்னு ஒண்ணு கிடையாதும்மா. ஜனங்களைத்தான் பிரிக்கணும்."

பிரித்தார்கள். ஒவ்வொரு கன்னத்தின் உள்பக்கமும் பஞ்சால் துடைத்தெடுத்துச் சோதித்தார்கள். ரத்தம் வலுத்தவர்களுக்குப் பூத்த சோளம். நோஞ்சான்களுக்கு நல்ல சோளம். முதலில் ஊரே நோஞ்சானாகத் துடித்தது. பஞ்சுக்காரருக்குக் கோழியெல்லாம் போயிற்று. மைங்கி லேசுப்பட்டவரா? வலுத்தவர்களுக்கு ஆளுக்கொரு பச்சைத் தொப்பி கொடுத்தார். அவ்வளவுதான், சர்ச்சில் முன்வரிசை முழுக்கத் தொப்பி! நோஞ்சான்கள் கிடங்கின் பின்வாசலில் தலைகுனிந்து நல்ல சோளம் வாங்கிப் போனார்கள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் முன்யாவோ, மும்புவாவைப் பெண் கேட்டுப் பரிச ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான். பெண்ணின் அப்பா கிமாந்தி அவன் தலையைத்தான் பார்த்தார்.

"தொப்பி எங்க தம்பி?"

"எனக்குத் தரலீங்க மாமா."

"மாமாவா? முதல்ல ஆட்டை ஓட்டு!"

மும்புவா குறுக்கே வந்தாள். "அப்பா, அவருக்கு நல்ல சோளம் கிடைக்குதுப்பா. நானும் அதையே சாப்பிடுவேன்ல?"

"நல்ல சோளம் தின்னு வாழறதெல்லாம் ஒரு பொழப்பாடி?"

முன்யாவோ தன் மூட்டையைப் பக்கத்து வீட்டுத் தொப்பிக்காரரிடம் மாற்றிக்கொண்டான். மும்புவா கையைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்கவில்லை. கிமாந்தி பார்க்கும்படி நடுத்தெருவில் உட்கார்ந்து, பூத்த மாவில் உகாலிக் களி கிண்டி, வேளாவேளைக்குத் தின்றான். கிமாந்தி மகிழ்ந்து ஆடுகளை வாங்கிக் கட்டினார். கல்யாணத்துக்கு நாள் குறிப்பதற்குள் மாப்பிள்ளைக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பிணமாகத்தான் வந்தான்.

மைங்கி துக்கம் கேட்க வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, எங்க சோதனை எவ்வளவு கரெக்ட்!" என்றார்.

அடக்கம் முடிந்து சாப்பாடு. துறையின் அனுதாபமாக நல்ல சோளத்தில் ஒரு பானை. ஊர்ச் செலவில் பூத்த சோளத்தில் ஒரு பானை. மைங்கி காரில் உட்கார்ந்து தாம் கொண்டுவந்த ரொட்டியைத் தின்றார். நாங்கள் அத்தனை பேரும், முன்யாவோவைப் பெற்றவள் உட்பட, பூத்த பானைக்கு முன்னால் நெருக்கியடித்து நின்றோம். நல்ல பானையிடம் போனவள் மும்புவா ஒருத்திதான்.

பார்க்கவே பாவமாக இருந்தது. லட்சணமான பெண், இனி அவளை எவன் கட்டுவான்?