மேஜைக் காலுக்கும் ஒரு சாரி

சாரி ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். நீங்கள் அவர் காலை மிதித்தால்கூட, சாரி சொல்வது அவராகத்தான் இருக்கும்.

நம் ஆசாமி ஒரு நாற்காலிக் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவுக்குத் தலைவர். அவரை இவ்வளவு கிட்டத்தில் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். லிஃப்டுக்குள் நுழையும்போது ஒரு சாரி, அதாவது தள்ளி நில்லுங்கள், கூட்டத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் ஒரு சாரி, அதாவது நீங்கள் பேசியது போதும், போனில் காது கேட்காவிட்டால் சாரி, தும்மினால் சாரி, நன்கொடை கேட்டு வந்தவர்களுக்குக் கையை விரித்தபடி நீளமாக ஒரு சாரி, மேஜைக் காலில் இடித்துக்கொண்டால் அதற்கும் ஒரு சாரி. தப்புச் செய்தால்? அதற்கு மட்டும் கைவசம் இருக்காது.

போன வாரம் அது அம்பலமானது. கடையை இடம் மாற்றிவிட்டதாக ஒரு வாடிக்கையாளர் இவரிடம்தான் சொல்லியிருந்தார். லாரிக்கு முகவரி எழுதிக் கொடுக்கும் எதிர் மேஜை அம்மாளிடம் அதைச் சொல்ல இவர் மறந்துபோக, ஒரு லாரி நாற்காலிகள் பூட்டிக் கிடந்த பழைய கடை வாசலில் போய் நின்றன. முதலாளி எல்லார் முன்னிலையிலும் அந்த அம்மாளை வறுத்தெடுத்தார். நம் ஆசாமி? மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அந்த அம்மாள் தனியாகப் போய்ச் சாப்பிட்டார். இத்தனை வருஷமாக இவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர். இவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அப்படியே மூடி வைத்தார். வெட்கமாக இருந்தது, நிஜமாகவே இருந்தது. எழுந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், கடைசியில் அந்த அம்மாளின் மேஜை முன்னால் போய் நின்றார்.

"சாரி..."

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். காத்திருந்தார்.

"சாரி... பேனா இருக்கா?"

"உங்க பையிலயே ஒண்ணு இருக்கே சார்."

"அது எழுத மாட்டேங்குதும்மா."

பேனாவை எடுத்து நீட்டினார் அந்த அம்மாள். "வச்சுக்குங்க. நாளையிலேர்ந்து நான் கிடங்குக்குப் போறேன். மாத்தச் சொல்லிக் கேட்டுட்டேன்."

இவர் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். மேஜைக் காலில் முட்டி இடித்தது.

"சாரி," என்றார், மேஜையிடம்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், உங்கள் சட்டைப் பையில் இருக்கும் பேனா யாருடையது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். என் பையில் மூன்று இருக்கின்றன. ஒன்றுகூட நான் வாங்கியதில்லை.