கவலைப்பட அரை மணி நேரம்

ரெக்கார்டு சாரின் விரலில் மாட்டிய நாடிக் கருவி நூற்று நாலு காட்டியது. பயிற்சி அம்மா அதைப் பார்த்துப் புன்னகைத்தார். துடிப்பு நூற்றுப் பத்துக்கு ஏறியது.

குடிநீர் அலுவலக ஊழியர்கள் அனைவருக்கும் நான்கு வார மன அமைதிப் பயிற்சி; முடிவில் விரலை நீட்டித் தேர்வு; அதைப் பொறுத்துப் பணியிட மாறுதல். சுற்றறிக்கை அவ்வளவுதான் சொன்னது. ரெக்கார்டு சாருக்கு அது போதும். பதினோரு வருடமாகப் பழைய கோப்பு அறையில், மனித வாடையே இல்லாமல், ஒற்றை நாற்காலியில் நிம்மதியாக இருந்தவர். துடிப்பு எழுபத்தைந்தைத் தாண்டினால் நாற்காலி போய்விடும் என்று தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார்.

நாலு எண்ணி மூச்சை இழு, ஏழு எண்ணி அடக்கு, எட்டு எண்ணி விடு என்றார் பயிற்சி அம்மா. ரெக்கார்டு சார் பேருந்தில் நின்றபடியே செய்தார். அடக்கும்போது ஐந்தா ஆறா என்று சந்தேகம் வந்தது. சந்தேகத்தோடு மேலே போகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. மூச்சை விடாமலே மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். கண் இருட்டி, முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் மடியில் உட்கார்ந்தார். இரண்டு நிறுத்தம் வரை அந்தப் பெரியவரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டில் யாரும் அவரை டென்ஷனாக்கக் கூடாது என்று அடுத்த வாரம் உத்தரவு. மனைவி வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னத்த மறைக்கிற?"

"ஒண்ணுமில்லைங்க."

"அப்புறம் ஏன் பேசமாட்டேங்கிற?"

"சொன்னா டென்ஷன் ஆயிடுவீங்க."

அன்று நூற்றுப் பதினெட்டு.

கண்ட நேரத்தில் கவலைப்படாமல், மாலை ஆறிலிருந்து ஆறரை வரை மட்டும் படச் சொன்னார்கள் மூன்றாம் வாரம். பேருந்து நெரிசலில் அவர் வீடு சேர்வதே ஏழு மணிக்கு. அன்றைய கவலை நிலுவையில் நின்றது. நிலுவை என்பதே வைத்துப் பழகாத மனிதர். வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து நாள் கவலை தேங்கிவிட்டது. இதையெல்லாம் எப்போது பட்டு முடிப்பது என்ற கவலை தனி.

"நான் வேணா கொஞ்சம் படட்டுமா?" என்றாள் மனைவி, பாவமாக.

தேர்வு நாளன்று நாற்காலியைத் துடைத்து, ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு அறையைப் பூட்டினார். போனது போனதுதான். எங்கே தூக்கிப் போட்டாலும் சரி. கவலைப்பட அவரிடம் இனி எதுவும் மிச்சமில்லை. யாருடைய விரலையோ நீட்டுவதுபோல நீட்டினார்.

ஐம்பத்தெட்டு.

பயிற்சி அம்மா எழுந்து நின்று கைதட்டினார். ரெக்கார்டு சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டு, இனி தாராளமாகப் பேசலாம் என்று மனைவிக்கு அனுமதி கொடுத்தார்.

மறுநாள் காலை, அலுவலகம் பெருக்கும் அக்கா அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்.

"எங்கக்கா கொண்டு போறீங்க? நான்தான் முதல் மார்க்கு."

"அதனாலதான் சார். புகார் கவுண்டருக்கு, யார் வந்து திட்டினாலும் அசையாத ஆளு ஒருத்தர் வேணும்னுதான் இந்தப் பயிற்சியே; விஷயம் தெரிஞ்சு மத்தவங்க எல்லாரும் நாலு மாடி ஓடி ஏறிட்டு வந்துதான் விரலை நீட்டினாங்க, நீங்க எப்பப் பாத்தாலும் கண்ணை மூடி உக்காந்திருந்தீங்களா, தொந்தரவு பண்ண வேணாம்னு யாரும் சொல்லல."